மெய்நிகர் நினைவகம்: ஒரு முகவரியைக் கையால் பின்தொடர்ந்து கற்க முழுமையான வழிகாட்டி

20,500. இந்த எண்ணை ஒரு தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிரல் நினைவகத்திலிருந்து படிக்கக் கேட்கும் முகவரி இது. ஆனால் ராமில் 20,500ஆவது இடத்தில் இருப்பது அந்த நிரலின் தரவாக இருக்க வேண்டியதில்லை. அங்கே வேறொரு நிரலின் தரவு இருக்கலாம், எதுவும் இல்லாமலும் போகலாம். நிரல் கேட்ட எண்ணை சிபியூ வேறொரு எண்ணாக மாற்றி, அந்த இடத்தில் இருப்பதை எடுத்துத் தருகிறது. எந்த எண் எதுவாக மாற வேண்டும் என்ற பட்டியலை இயங்குதளம் எழுதி வைத்திருக்கிறது. மெய்நிகர் நினைவகம் என்பது இந்த மாற்றம்தான்.

இந்தப் பாடத்தை வரையறைகளாகப் படித்தால் நிற்காது. தாளும் பேனாவும் வைத்து ஓர் எண்ணைக் கடைசிவரை துரத்திப் பார்த்தால் மறக்காது. கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: முகவரியை இரண்டாக உடைத்தல்

நிரலின் முகவரி வெளி சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம். ராமும் அதே அளவுத் துண்டுகளாகப் பிரிகிறது. அங்கே துண்டின் பெயர் ஃப்ரேம். பக்கம் நிரலுடையது, ஃப்ரேம் ராமுடையது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேர்வுக் கணக்குகளில் பாதி தப்பாகின்றன. ஆகவே தாளில் பக்க எண்ணை ஒரு நிற மையிலும் ஃப்ரேம் எண்ணை வேறு நிறத்திலும் எழுதுங்கள்.

இன்டெல், ஏஎம்டி சிபியூக்களில் அடிப்படைப் பக்க அளவு 4,096 பைட். முகவரியை 4,096ஆல் வகுத்தால் ஈவு பக்க எண், மீதி ஆஃப்செட். 20,500 ÷ 4,096 என்றால் ஈவு 5, மீதி 20. அதாவது 5ஆம் பக்கத்தில், தொடக்கத்திலிருந்து 20 பைட் தள்ளி.

இயங்குதளம் எழுதி வைத்திருக்கும் அந்தப் பட்டியலின் பெயர் பக்க அட்டவணை. இப்போது அதில் 5ஆம் வரியைப் பாருங்கள். அங்கே ஃப்ரேம் 9 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 9 × 4,096 = 36,864. அதோடு 20 கூட்டினால் 36,884. ராமில் சிபியூ போய் நிற்கும் இடம் அதுதான். ஆஃப்செட் மாறவே மாறாது. பக்க எண் இருந்த இடத்தில் ஃப்ரேம் எண் வந்து உட்காருகிறது, அவ்வளவே. விடையை 4,096ஆல் வகுத்துப் பார்த்து, அதே மீதி வரவில்லையென்றால் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது.

சிபியூ உண்மையில் வகுப்பதில்லை. 4,096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு என்பதால், முகவரியின் கடைசி 12 பிட்டுகள் ஆஃப்செட், மிச்சமெல்லாம் பக்க எண். பக்க அளவு எப்போதும் இரண்டின் அடுக்காக இருப்பதன் காரணம் இதுவே: கம்பிகளைப் பிரித்தால் போதும், வகுத்தல் சுற்று தேவையில்லை.

பயிற்சிக்கு ஒன்று. 4 பைட் கொண்ட ஓர் எண் 8,190ஆம் முகவரியில் தொடங்குகிறது. 8,190, 8,191 இரண்டும் 1ஆம் பக்கம்; 8,192, 8,193 இரண்டும் 2ஆம் பக்கம். ஓர் எண்ணைப் படிக்க இரண்டு பக்கங்களை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த இரண்டும் ராமில் எங்கெங்கோ இருக்கலாம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்கள் 4 பைட் எண்களை 4ஆல் வகுபடும் முகவரிகளில் வைப்பதில் இந்தச் சிக்கலும் தவிர்க்கப்படுகிறது.

பக்க அளவு எங்கும் 4,096தான் என்று நிரலில் எழுதி வைக்காதீர்கள். ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட மேக் கணினிகளில் அது 16,384 பைட். இயங்குதளத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரியான வழி.

அட்டவணையின் ஒரு வரியில் என்ன இருக்கிறது

ஃப்ரேம் எண் மட்டும் இருந்தால் இயங்குதளத்துக்குப் பயனில்லை. கூடவே சில பிட்டுகள் இருக்கின்றன. பக்கம் ராமில் இருக்கிறதா என்று சொல்ல ஒன்று. எழுதலாமா, படிக்க மட்டும்தானா என்று சொல்ல ஒன்று. சாதாரண நிரல் தொடலாமா, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் மட்டுமா என்று இன்னொன்று. பக்கத்தைத் தொட்டாலே சிபியூ 1 ஆக்கிவிடும் பிட் ஒன்று, எழுதினால் மட்டும் 1 ஆகும் பிட் ஒன்று. முதலாவதைத் தொடு பிட் என்றும் இரண்டாவதை அழுக்கு பிட் என்றும் இங்கே அழைக்கிறேன். யாரை வெளியேற்றுவது என்ற கேள்வி வரும்போது இந்த இரண்டும்தான் சாட்சி சொல்லும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பெயர் ப்ராசஸ். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி அட்டவணை. இன்டெல் வழிச் சிபியூவில் நடப்பு அட்டவணையின் இருப்பிடம் சிஆர்3 என்ற ரெஜிஸ்டரில் (சிபியூவுக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) இருக்கும். ப்ராசஸ் மாறும்போது கர்னல் அந்த மதிப்பை மாற்றுகிறது. இரண்டு நிரல்கள் ஒரே 20,500 முகவரியைப் பயன்படுத்தினாலும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது இதனால்தான். ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தை எட்டிப் பார்க்க முயன்று தடுக்கப்படுகிறது என்பதைவிட, அந்த நினைவகத்தைச் சுட்ட அதனிடம் ஓர் எண்கூட இல்லை என்பதே சரி.

சி மொழியில் நல் பாயின்டரை, அதாவது எந்தத் தரவையும் சுட்டாமல் பொதுவாக 0 என்று இருக்கும் முகவரியைத் தொட்டதும் நிரல் செத்துப்போவதும் இந்த அட்டவணையால்தான். 0ஆம் பக்கத்தை இயங்குதளம் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறது.

அட்டவணையே இடத்தை விழுங்கினால்

32 பிட் முகவரியில் 2இன் 20ஆம் அடுக்கு, அதாவது 10,48,576 பக்கங்கள். வரிக்கு 4 பைட் என்றால் ஒரு ப்ராசஸின் அட்டவணைக்கு மட்டும் 4 எம்பி. 100 ப்ராசஸ் ஓடினால் 400 எம்பி. 1985இல் இன்டெல் 80386 வந்தபோது ஒரு கணினியின் மொத்த ராமே சில எம்பிதான், இது கட்டுப்படியாகாது.

அந்தச் சிப் செய்த வழி இரண்டடுக்கு அட்டவணை. 20 பிட் பக்க எண்ணைப் பத்துப் பத்தாகப் பிரித்தார்கள். முதல் 10 பிட் மேலட்டவணையில் 1,024 வரிகளில் ஒன்றைக் காட்டும். அந்த வரி ஒரு கீழட்டவணையைக் காட்டும். அடுத்த 10 பிட் கீழட்டவணையில் வரியைக் காட்டும். ஒரு கீழட்டவணை 1,024 பக்கங்களை, அதாவது 4 எம்பி முகவரியை ஆளும். நிரல் தொடாத 4 எம்பி பகுதிகளுக்குக் கீழட்டவணையே எழுத வேண்டியதில்லை. இதில்தான் மிச்சம். நிரலின் கட்டளைகளும் தரவும் ஒரு மூலையில், ஸ்டாக் (செயற்கூறுகளின் தற்காலிகத் தரவு) இன்னொரு மூலையில், நூலகங்கள் நடுவில் என்று இருக்கும் சின்ன நிரலுக்கு ஒரு மேலட்டவணை, மூன்று கீழட்டவணை போதும். நான்கு பக்கம், 16 கேபி.

கையால் செய்ய ஓர் எண்: 1,25,91,204. முதலில் 41,94,304ஆல் (4 எம்பி) வகுங்கள்: ஈவு 3, மீதி 8,292. மீதியை 4,096ஆல் வகுங்கள்: ஈவு 2, மீதி 100. மேலட்டவணையில் 3ஆம் வரி, கீழட்டவணையில் 2ஆம் வரி, ஆஃப்செட் 100. எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் 3ஆம் வரி என்பது மேலிருந்து நான்காவது; அதை மறந்து மூன்றாவதை எடுத்துவிடாதீர்கள்.

இன்றைய 64 பிட் சிபியூக்களில் பரவலாக 48 பிட் முகவரியை 9, 9, 9, 9, 12 என்று பிரித்து நான்கு அடுக்கில் தேடுகிறார்கள். ஏன் 9? வரிக்கு 8 பைட், 512 வரி, பெருக்கினால் 4,096. ஒவ்வோர் அட்டவணையும் ஒரு பக்கத்தில் கச்சிதமாக அடங்குகிறது. அழகான பொருத்தம், யோசித்து அமைத்தது.

டிஎல்பி: வேகம் இங்கேதான் இருக்கிறது

நான்கு அடுக்கு என்றால் ஒரு தரவைப் படிக்க நான்கு முறை அட்டவணை, ஒரு முறை தரவு என்று ஐந்து முறை ராமைத் தொட வேண்டும். இப்படியே விட்டால் கணினி ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும். ஆகவே அண்மையில் கண்டுபிடித்த பக்கம்-ஃப்ரேம் ஜோடிகளைச் சிபியூவுக்குள்ளேயே ஒரு சிறு பட்டியலில் வைத்துக்கொள்கிறார்கள். அதுவே டிஎல்பி (டிரான்ஸ்லேஷன் லுக்அசைட் பஃபர்).

ராமைத் தொட 100 நானோசெகண்ட், டிஎல்பியைப் பார்க்க 1 என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். பட்டியலில் கிடைத்தால் 101. கிடைக்காவிட்டால் 1 + 400 + 100 = 501. நூற்றில் 98 முறை கிடைத்தால் சராசரி 0.98 × 101 + 0.02 × 501 = 109. வெறும் 9 சதவீதச் சுமை. ஆனால் நூற்றில் 80 முறைதான் கிடைக்கிறது என்றால் 80.8 + 100.2 = 181. கிட்டத்தட்ட பாதி வேகம் போயிற்று.

அந்த 98 எப்படிச் சரிகிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1,024 வரிசை, 1,024 நெடுவரிசை கொண்ட, 4 பைட் எண்களின் அணி ஒன்று. பக்கத்தின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. சி மொழி ஒவ்வொரு வரிசையையும் தொடர்ச்சியாக வைக்கும். ஆக ஒரு வரிசை 4,096 பைட், சரியாக ஒரு பக்கம். வரிசை வரிசையாகக் கூட்டினால் 1,024 முறை மட்டுமே புதிய பக்கத்துக்குப் போவீர்கள். நெடுவரிசையாகக் கூட்டினால் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கம் மாறுகிறது. 64 இடம் கொண்ட டிஎல்பியில், நீண்ட நாள் தொடாததை வெளியேற்றும் முறையில், 1,024 பக்கங்களைச் சுற்றிச் சுற்றி வந்தால் ஒருமுறைகூட கிடைக்காது: 10,48,576 தவறல்கள். ஒரே கூட்டல், ஒரே விடை, உள்ளும் புறமும் லூப்பை மாற்றியது மட்டுமே வேறுபாடு. ஃபோர்ட்ரான் நெடுவரிசையைத் தொடர்ச்சியாக வைப்பதால் அங்கே இது தலைகீழ். நவீன சிப்களில் பெரிய இரண்டாம் நிலை டிஎல்பி இருப்பதால் அடி கொஞ்சம் குறையும், ஆனாலும் வேறுபாட்டை நேரம் அளந்தே பார்க்கலாம். அண்மைத் தரவைச் சிபியூவுக்கு அருகில் வைத்திருக்கும் கேஷில் நேரும் தவறல்களும் அதில் சேர்ந்துகொள்ளும்.

பெரிய டேட்டாபேஸ்களுக்கு 2 எம்பி பக்கங்களைப் பரிந்துரைப்பதும் இதே காரணத்தால். 64 இடத்தில் 4 கேபி பக்கம் என்றால் 256 கேபிதான் அடங்கும்; 2 எம்பி பக்கம் என்றால் 128 எம்பி.

கர்னல் எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று: அட்டவணையில் வரியை மாற்றினால் டிஎல்பி தானாக மாறாது. பழைய ஜோடியை நீக்கும்படி சிபியூவிடம் சொல்ல வேண்டும். சிபியூவில் பல கோர்கள் (தனித்தனியாகக் கட்டளைகளை இயக்கும் பகுதிகள்) இருந்தால் மற்ற கோர்களுக்கும் செய்தி அனுப்பி நீக்கச் செய்ய வேண்டும். தவறவிட்டால், வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட ஃப்ரேமில் பழைய ப்ராசஸ் எழுதிக்கொண்டிருக்கும். எப்போதோ ஒருமுறை மட்டும் தலைகாட்டும், கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை இது.

பேஜ் ஃபால்ட்: அட்டவணையில் பக்கம் இல்லாதபோது

ராமில் இருக்கிறதா என்ற பிட் 0 என்றால் சிபியூ நிரலை நிறுத்தி, கேட்ட முகவரியைக் குறித்துவைத்து, கர்னலுக்குத் தாவுகிறது. கர்னல் முதலில் கேட்பது: இந்த முகவரி இந்த ப்ராசஸுக்கு உரியதா? இல்லையென்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், நிரல் முடிந்தது. உரியதுதான் என்றால் ஒரு காலி ஃப்ரேமைத் தேடும். காலி இல்லையென்றால் ஒரு பக்கத்தை வெளியேற்ற வேண்டும். அதன் அழுக்கு பிட் 1 என்றால் முதலில் டிஸ்கில் எழுத வேண்டும். பிறகு வேண்டிய பக்கத்தை டிஸ்கிலிருந்து கொண்டுவரச் சொல்லிவிட்டு, இந்த ப்ராசஸைத் தூங்கவைத்து, வேறொன்றை ஓடவிடும். பக்கம் வந்ததும் அட்டவணை வரியைத் திருத்தி, ப்ராசஸை எழுப்பும்.

எழுப்பியபின் ஓடுவது அடுத்த கட்டளை அல்ல, தடைபட்ட அதே கட்டளை. இதைத் தவறாக எழுதும் விடைத்தாள்கள் ஏராளம். அந்தக் கட்டளை முடியவே இல்லையே. மறுபடி முதலிலிருந்து ஓடினால்தான் சரியான மதிப்பு கிடைக்கும்.

எல்லாப் பேஜ் ஃபால்ட்டும் டிஸ்குக்குப் போவதில்லை. நிரல் 1 ஜிபி கேட்டால் கர்னல் சரி என்று சொல்லிவிட்டு ஒரு ஃப்ரேமும் தராமல் இருக்கும். பக்கத்தை முதல்முறை தொடும்போதுதான் சுழியால் நிரப்பிய ஃப்ரேம் வரும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் ஃபோர்க் செய்யும்போது தாய், சேய் இரண்டும் அதே ஃப்ரேம்களைப் படிக்க மட்டும் என்று பகிர்ந்துகொள்ளும். யாராவது எழுத முயன்றால் ஃபால்ட் வந்து, அந்த ஒரு பக்கம் மட்டும் நகலெடுக்கப்படும். இவை சிறு ஃபால்ட்கள், அஞ்சத் தேவையில்லை. டிஸ்குக்குப் போவதுதான் பெரிய ஃபால்ட்.

எவ்வளவு பெரியது? சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பக்கம் வர 8 மில்லிசெகண்ட், அதாவது 80,00,000 நானோசெகண்ட் என்று கொள்வோம். ஆயிரத்தில் ஒரு தொடுகை ஃபால்ட் ஆனால் சராசரி சுமார் 8,100 நானோசெகண்ட். 100 இருக்க வேண்டிய இடத்தில் 81 மடங்கு. எஸ்எஸ்டியில் 1,00,000 நானோசெகண்ட் என்றால் அதே விகிதத்தில் சராசரி சுமார் 200, இரண்டு மடங்கு. பத்து சதவீதத்துக்கு மேல் வேகம் குறையக்கூடாது என்றால் ஹார்ட் டிஸ்கில் 8 லட்சம் தொடுகைக்கு ஒரு ஃபால்ட்தான் தாங்கும். எஸ்எஸ்டியில் 10,000க்கு ஒன்று. பழைய கணினியில் எஸ்எஸ்டி போட்டதும் உயிர் வந்ததுபோல் இருப்பதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

யாரை வெளியேற்றுவது

1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே, காந்த உருளையில் இருக்கும் பக்கங்களைத் தானாக நினைவகத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இருந்தது. எதை வெளியேற்றுவது என்ற கேள்வியும் அங்கேயே பிறந்துவிட்டது.

இந்த வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. மூன்று ஃப்ரேம்கள், தொடக்கத்தில் காலி. முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் ஃபிஃபோ முறையில் செய்யுங்கள். காலி ஃப்ரேமை நிரப்புவதும் ஃபால்ட்தான், அதையும் எண்ணுங்கள். இதை விட்டுவிடுவது வழக்கமான பிழை. இன்னொரு வழக்கமான பிழை, ஏற்கெனவே உள்ள பக்கத்தைத் தொட்டதும் ஃபிஃபோ வரிசையில் அதைப் பின்னுக்கு நகர்த்துவது. ஃபிஃபோவில் தொடுகைக்கு மதிப்பே இல்லை. சரியாகச் செய்தால் 9 ஃபால்ட் வரும்.

இப்போது நான்கு ஃப்ரேம் கொடுத்துச் செய்யுங்கள். 10 ஃபால்ட் வரும். நினைவகத்தைக் கூட்டினோம், ஃபால்ட்டும் கூடியது! ஐபிஎம்மில் பணியாற்றிய லாஸ்லோ பெலாடியின் பெயரால் பெலாடியின் முரண் என்று அழைக்கப்படுவது இது. ஏழாவது எண்ணுக்குப் பிறகு தாளைப் பாருங்கள்: மூன்று ஃப்ரேமில் இருப்பவை 1, 2, 5. நான்கு ஃப்ரேமில் இருப்பவை 2, 3, 4, 5. பெரிய நினைவகத்தில் 1 இல்லை, சிறியதில் இருக்கிறது. அடுத்துக் கேட்கப்படுவதும் 1தான். முரணின் முழு ரகசியமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

நீண்ட நேரம் தொடாததை வெளியேற்றும் எல்ஆர்யூ முறையில் அதே வரிசைக்கு மூன்று ஃப்ரேமில் 10, நான்கில் 8. இங்கே முரண் வராது: அண்மையில் தொட்ட மூன்று பக்கங்கள் எப்போதும் அண்மையில் தொட்ட நான்கு பக்கங்களுக்குள் அடக்கம். எதிர்காலம் தெரிந்து, மிகத் தாமதமாகத் தேவைப்படுவதை வெளியேற்றினால் மூன்று ஃப்ரேமில் 7, நான்கில் 6. எந்த இயங்குதளத்துக்கும் எதிர்காலம் தெரியாது. அளவுகோலாக மட்டும் இது பயன்படும். மூன்று ஃப்ரேமில் ஃபிஃபோ எல்ஆர்யூவை வென்றிருப்பதையும் கவனியுங்கள். ஒரே ஒரு வரிசையை வைத்து முறைகளுக்கு மார்க் போடக்கூடாது.

எல்ஆர்யூவை அப்படியே செயல்படுத்த ஒவ்வொரு தொடுகைக்கும் நேரம் குறிக்க வேண்டும், முடியாத காரியம். அதனால் கடிகார முறை. பக்கங்களை வட்டமாக அடுக்கி ஒரு முள்ளை வையுங்கள். 7, 2, 9, 4 என்ற பக்கங்கள், தொடு பிட் முறையே 1, 0, 1, 1, முள் 7இல். இடம் வேண்டும் என்றதும் முள் 7ஐப் பார்க்கிறது: பிட் 1, அதை 0 ஆக்கி விட்டுவிட்டு நகர்கிறது. அடுத்து 2: பிட் 0, வெளியே. புதிய பக்கம் அங்கே உட்கார, முள் 9க்குப் போகிறது. இடையில் யாரும் எதையும் தொடவில்லை என்றால் அடுத்த முறை 9, 4 இரண்டும் 0 ஆகி, 7 வெளியேறும். எல்லாப் பிட்டும் 1 என்றால் ஒரு முழுச் சுற்று சுற்றி, ஃபிஃபோவாகவே ஆகிவிடும்.

த்ராஷிங்

100 ஃப்ரேம் இருக்கிறது. மூன்று ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் வேலை நடக்க ஒரே நேரத்தில் 40 பக்கம் தேவை. 120 தேவை, 100 கையில். ஒன்று கொண்டுவரும் பக்கம் மற்றொன்றுக்கு அடுத்த நொடி தேவைப்படும் பக்கத்தைத் தள்ளிவிடுகிறது. மூன்றும் டிஸ்குக்காகக் காத்திருக்க, சிபியூ சும்மா இருக்கிறது. இந்த நிலையே த்ராஷிங். சிபியூ சும்மா இருக்கிறதே என்று நான்காவது ப்ராசஸை உள்ளே விட்டால் நிலைமை இன்னும் கெடும். 1968இல் பீட்டர் டென்னிங் முன்வைத்த வொர்க்கிங் செட் கருத்து இதற்கு மருந்து: அண்மைக் காலத்தில் ஒரு ப்ராசஸ் தொட்ட பக்கங்களின் தொகுதி முழுவதும் ராமில் இருக்க இடம் இருந்தால் மட்டும் அதை ஓடவிடு, இல்லையேல் நிறுத்திவை. மேற்சொன்ன கணக்கில் ஒன்றை நிறுத்தினால் மற்ற இரண்டும் 80 ஃப்ரேமில் முழு வேகத்தில் ஓடும். மூன்றையும் சேர்த்து ஓட்டுவதைவிட ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவது சீக்கிரம் முடியும்.

உங்கள் கணினியில் பார்ப்பது

லினக்ஸில் டாப் கட்டளையைத் திறந்தால் விஐஆர்டி, ஆர்இஎஸ் என்று இரண்டு பத்திகள் இருக்கும். முதலாவது நிரல் கேட்டு வைத்திருக்கும் முகவரி வெளி, இரண்டாவது உண்மையில் ராமில் இருப்பது. முதலாவது பல ஜிபி காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதேபோல் ஃப்ரீ கட்டளையில் காலி நினைவகம் குறைவாகத் தெரிவதும் இயல்பு. மிச்ச ராமைக் கர்னல் கோப்புகளின் கேஷாகப் பயன்படுத்திக்கொள்கிறது. பார்க்க வேண்டியது அவெய்லபிள் என்ற பத்தி.

த்ராஷிங் சந்தேகம் வந்தால் வீஎம்ஸ்டாட் கட்டளையை 1 நொடி இடைவெளியில் ஓடவிட்டு எஸ்ஐ (டிஸ்கிலிருந்து உள்ளே வருவது), எஸ்ஓ (டிஸ்குக்கு வெளியே போவது) பத்திகளைப் பாருங்கள். முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்தான சராசரி, அதை விட்டுவிடுங்கள். பிறகு வரும் வரிகளில் இரண்டும் தொடர்ந்து பெரிய எண்களாக இருந்தால் பக்கங்கள் உள்ளும் வெளியும் அலைகின்றன. எஸ்ஓ மட்டும் எப்போதாவது எகிறி அடங்கினால் பிரச்சினை இல்லை. தேவையற்ற பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பகுதியில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்ற பத்தி இதற்கு ஈடு.

லினக்ஸில் இருப்பதைவிட அதிகம் கேட்டாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பதால், நினைவகம் தீர்ந்தது என்ற தகவல் கேட்கும் இடத்தில் வராது. பக்கங்களைத் தொடும்போதுதான் வரும். அப்போது கர்னல் ஒரு ப்ராசஸைத் தேர்ந்து கொன்றுவிடும். அது பெரும்பாலும் அதிக ராம் வைத்திருப்பது, தவறு செய்தது என்று அர்த்தமில்லை. எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் நிரல் 137 என்ற முடிவு எண்ணோடு நின்றிருந்தால் அது 128 + 9: ஒன்பதாம் சிக்னலால், அதாவது உடனே முடியச் சொல்லும் கட்டாயச் செய்தியால் கொல்லப்பட்டது. உடனே கர்னல் லாகைத் திறந்து அவுட் ஆஃப் மெமரி என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால், அங்கே அந்த ப்ராசஸின் பெயரும் சாகும்போது அது எவ்வளவு ராம் வைத்திருந்தது என்பதும் எழுதியிருக்கும்.